மூன்று ஜாடி மொச்சை

எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு மடத்து மணி அடித்ததும் மௌனம் தொடங்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அதே மணி அடித்ததும் முடியும்.

அது அறுபத்தேழாம் வருஷத் தேர்தல் சமயம். திண்டுக்கல்லில் ஒரு ஜீப் ஒலிபெருக்கியோடு போனால், அதன் புழுதி அடங்குவதற்குள் அடுத்த ஜீப் வரும். ஊரே தொண்டை கட்டிக் கிடந்தபோது மடத்துக்குள் ஒன்பது கன்னியாஸ்திரிகள் ஊமையானார்கள். உள்ளேயும் தேர்தல்தான் நடந்துகொண்டிருந்தது.

மடத்தின் தலைமை இல்லம் பெல்ஜியத்தில் இருந்தது. அங்கிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குத் திண்டுக்கல் மடத்தின் முதன்மைப் பணி எது? ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் ஆளும் பொருளும் வரும். மற்றவற்றை மெல்ல மூடிவிடலாம்.

மடத்தில் இரண்டு பணிகள் நடந்தன. ஒன்று, சிஸ்டர் பிலோமினின் லேஸ் பள்ளி. இருபது பெண்கள் உட்கார்ந்து கோயில் பீடத்துணிக்கு லேஸ் பின்னினார்கள். இன்னொன்று, சிஸ்டர் எவுலாலியின் டிஸ்பென்சரி. சாணார்பட்டியில் மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் எவுலாலி பஸ்ஸில் போய் மருந்து கொடுத்து வருவார்.

மூன்றாவது பணி இன்னும் தொடங்கவில்லை. டவுன் பெண்பிள்ளைகளுக்கு ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அது மதர் கொன்சாகாவின் மனத்தில் மட்டும் இருந்தது. தொடங்காத பணி என்பதால் அதில் ஒரு குறையும் கிடையாது.

முடிவெடுக்க வழிகாட்டுவதற்கு மிக்கேல்ராஜ் சாமியார் வந்திருந்தார். ரோமாபுரியில் நாலு வருஷம் படித்தவர். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இன்னொரு வட்டம் போட்டுத்தான் பதில் சொல்வார்.

வியாழன் மத்தியானம் அவர் சாப்பாட்டு அறையில் மூன்று ஊறுகாய் ஜாடிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரில் ஒரு அட்டையை ஒட்டினார். பள்ளிக்கூடம், லேஸ், சாணார்பட்டி. பிறகு ஆளுக்கு ஐம்பது வெள்ளை மொச்சை எண்ணிக் கொடுத்தார்.

"மூணு நாள்ல எப்ப மனசு சொல்லுதோ அப்பப் போடுங்க. அம்பதையும் ஒண்ணுலயே போடலாம், பிரிச்சும் போடலாம். கடைசியில சபையோட மனசு எடையாவே தெரிஞ்சிடும்."

"மொச்சை எதுக்கு சாமி? சீட்டுல எழுதிப் போட்டா ஆகாதா?" என்று சிஸ்டர் பிலோமின் கேட்டார்.

"சீட்டுன்னா கையெழுத்து தெரியும் சிஸ்டர். மொச்சைக்கு ஏது கையெழுத்து?"

"மௌனம் எதுக்கு?"

"பேசினா ஓட்டு கேப்பீங்க. நீங்க பேசாம இருந்தாத்தான் பரிசுத்த ஆவி பேசுவார்."

"உயிர் போற அவசரம்னா?" என்று எவுலாலி கேட்டார்.

"உயிர் போற அவசரம்னா பேசலாம்," என்றார் சாமியார். "இங்க யாருக்கு உயிர் போகப்போகுது?"

திட்டத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, மாயம்மாளைத் தவிர. மாயம்மாள் மடத்துச் சமையல்காரி. மொச்சையை அவளுடைய சமையற்கட்டு மூட்டையிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். அவள் அப்போது வீட்டுக்குப் போயிருந்தாள். மொச்சை எதற்கென்று அவளிடம் மதர் சொல்லியிருப்பார் என்று சிஸ்டர்கள் நினைத்தார்கள். சிஸ்டர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மதர் நினைத்தார். ஆறு மணி அடித்துவிட்டது.

எவுலாலி அன்று ராத்திரியே தன் ஐம்பதையும் சாணார்பட்டி ஜாடியில் போட்டுவிட்டார். யோசிக்க ஒன்றுமில்லை. போன செவ்வாய்க்கிழமை கருப்பம்மாள் கேட்டது காதிலேயே இருந்தது.

கருப்பம்மாளுக்கு எட்டு மாதம். வெங்காயம் அறுத்த கையோடு நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மாசிக் கடைசின்னு சொன்னீகளே லாலிம்மா, அன்னைக்கு வந்துருவீகள்ல?"

எவுலாலி என்ற பேர் சாணார்பட்டியில் யார் வாயிலும் நுழையவில்லை. லாலிம்மா ஆக்கிவிட்டார்கள்.

"வாரேன்."

"செவ்வா வெள்ளிதான வருவீக. வேற நாள்ல வலி எடுத்தா?"

"எந்த நாளா இருந்தாலும் சொல்லி அனுப்பு. வாரேன்."

"போன ரெண்டு தடவையும் மருத்துவச்சி வந்தா. புள்ளைதான் தங்கல." அவள் அதை வெங்காய விலை சொல்வது போலத்தான் சொன்னாள். "நீங்க வந்தா தங்கும்னு என் மாமியா கூடச் சொல்லுது. அது யாரையும் நல்லதாச் சொல்லாது."

பிள்ளை இன்னும் தலை திரும்பாமல் குறுக்கே கிடந்தது. அதை எவுலாலி அவளிடம் சொல்லவில்லை. கூடவே இருந்தால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். டிஸ்பென்சரியை மூடிவிட்டால் அந்தக் கணக்கு கிடையாது.

மௌன நாட்களில் மடத்தில் என்றுமில்லாத அன்பு பெருகியது. வெள்ளிக்கிழமை காலையில் ஒவ்வொருவர் தலையணைக்கு அடியிலும் ஒரு லேஸ் கைக்குட்டை இருந்தது. மதர் கொன்சாகா மூத்த சிஸ்டர்களின் அறைகளைத் தாமே பெருக்கினார். அப்படியே அவரவர் மேசையில் இங்கிலீஷ் அரிச்சுவடி ஒன்றையும் மறந்தாற்போல வைத்துவிட்டு வந்தார். மௌனத்துக்காக அந்த வெள்ளிக்கிழமைச் சாணார்பட்டிப் பயணத்தையும் நிறுத்தியிருந்த எவுலாலியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இருமியவர்களுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். கசந்தது. அதனாலேயே, இருந்த ஓட்டும் போயிருக்கும்.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு அறையைத் துடைக்கும் முறை எவுலாலிக்கு. ஜாடிகளைத் தூக்கித்தானே அடியில் துடைக்க வேண்டும். பள்ளிக்கூட ஜாடியை இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது. லேஸ் ஜாடி பரவாயில்லை. சாணார்பட்டி ஜாடி பூ மாதிரி வந்தது. லேசாகக் குலுக்கிப் பார்த்தார். தான் போட்டது மட்டும்தான் சத்தம் போடுவது போல இருந்தது.

யாரையும் குறை சொல்ல முடியாது. எட்டு வருஷத்தில் ஒரு சிஸ்டர்கூடச் சாணார்பட்டிக்கு வந்ததில்லை. வந்து பார் என்று எவுலாலி கூப்பிட்டதும் இல்லை. கூட்டத்தில் பேச எழுந்தாலே அவருக்குத் தொண்டை அடைத்துவிடும்.

மத்தியானம் மாயம்மாள் சந்தைக்குப் போய் வெறும் கூடையோடு திரும்பி வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"வழியெல்லாம் ஊர்வலம். ஒரு கூட்டம் போனா எதிர்க்கூட்டம் வருது. கத்தரிக்காக்காரி கடையச் சாத்திட்டு அவளும் கொடியப் பிடிச்சிக்கிட்டுப் போறா. வெஞ்சனத்துக்கு நான் எங்க போவேன்?"

அவள் சமையற்கட்டுக்குள் போய் மூட்டையை உதறிப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு அறைக்கு வந்தாள். ஜாடிகளைத் திறந்தாள்.

"ஆத்தாடி. எம் மொச்சைய எவ எடுத்து ஊறுகா ஜாடியில போட்டு வச்சது?"

எவுலாலி மூலையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"நீங்களா சிஸ்டரம்மா? நீங்க செய்ய மாட்டீக. உங்களுக்கு ஜாடி எங்க இருக்குன்னே தெரியாது." அவள் ஒரு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எதுக்கும் மதரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுறேன். அப்புறம் ஏன் எடுத்தன்னு மூணு நாள் கழிச்சு வாயத் தொறப்பாக."

மதர் கொன்சாகா அறை வாசலுக்கு நேரே தாழ்வாரத்தில் ஜெபப் புத்தகத்தோடு நடந்துகொண்டிருந்தார். மாயம்மாள் குறுக்கே போய் நின்றாள். சரியாக அப்போது ஒரு ஜீப் மடத்து மதிலை ஒட்டி அலறிக்கொண்டு போனது.

"மதரம்மா, வெஞ்சனத்துக்கு ஒண்ணுமில்ல. இந்த மொச்சையப் போட்டுக் குழம்பு வச்சிரவா?"

மதர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். மௌன நாட்களில் வேலைக்காரர்கள் எதைக் கேட்டாலும் அவர் தலையாட்டுவார். பார்ப்பதற்குச் சாந்தமாக இருக்கும்.

மாயம்மாள் திரும்பி வந்து மற்ற இரண்டு ஜாடிகளையும் எடுத்தாள்.

"வெந்நியில போட்டா ராவுக்குள்ள ஊறிரும். ஏன் சிஸ்டரம்மா, பேயடிச்ச மாதிரி நிக்கிறீக? மொச்சை உங்களுக்கு வாயுன்னா சொல்லுங்க, ரசம் வச்சுத் தாரேன். சரின்னா தலைய ஆட்டுங்க, வேணாம்னா கைய ஆட்டுங்க."

உயிர் போகிற அவசரம் என்றால் பேசலாம். எவுலாலி யோசித்தார். ஒரு உயிர் சாணார்பட்டியில் குறுக்கே கிடந்தது உண்மை. இப்போது வாயைத் திறந்தால் மொச்சை பிழைக்கும். மொச்சை பிழைத்தால் பள்ளிக்கூடம் ஜெயிக்கும். எண்ண மொச்சையே இல்லையென்றால்? எல்லோரும் உட்கார்ந்து வாயால் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அப்போது எப்படியாவது எழுந்து நின்று, கருப்பம்மாளைப் பற்றி ஒரு நாலு வரி சொல்லிவிடலாம்.

அவர் தலையையும் ஆட்டவில்லை, கையையும் ஆட்டவில்லை. கன்னியாஸ்திரி ஆன நாள்முதல் மௌன விதியை அவ்வளவு சுத்தமாக அவர் கடைப்பிடித்ததில்லை.

ராத்திரி குழம்பு மணத்தது. பூண்டும் புளியும் சேர்ந்து, மொச்சை பூப்போல வெந்திருந்தது. பள்ளிக்கூடமும் லேஸும் சாணார்பட்டியும் ஒரே சட்டியில் கலந்து கிடந்தன. மடத்தில் இத்தனை ஒற்றுமையை எவுலாலி பார்த்ததில்லை. சிஸ்டர் பிலோமின் விரலை நக்கினார். மதர் இன்னொரு கரண்டி கேட்டுத் தட்டைத் தொட்டுக் காட்டினார். விருந்தினர் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோன மாயம்மாள் திரும்பி வந்து சொன்னாள்.

"சாமி மூணு தடவ வாங்கிக்கிட்டாரு. ரோமாபுரியில மொச்சையே கெடையாதாட்டம் இருக்கு."

எவுலாலியும் சாப்பிட்டார். சாப்பிடாவிட்டால் யாராவது ஏன் என்று பார்ப்பார்கள்.

ஜாடிகள் திரும்பச் சாப்பாட்டு அறைக்கு வந்துவிட்டன. அவரவர் போட்டாயிற்று என்பதால் யாரும் மூடியைத் திறக்கவில்லை. ஞாயிறு பகல் மூன்று மணிக்கு எவுலாலி அந்த வழியாகப் போனபோது, மாயம்மாள் ஒரு ஜாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரொப்பி வச்சிட்டேன் சிஸ்டரம்மா. வெள்ளை மொச்சை எங்கயும் கெடைக்கல. செவப்புதான் இருந்துச்சு, ஒரு படி வாங்கியாந்தேன். அம்புட்டையும் இந்த ஒரே ஜாடியில கொட்டிட்டேன். மத்த ரெண்டுக்கும் மூடி ஓரம் உடைஞ்சிருக்கு. வண்டு விழுந்துரும்."

எவுலாலி சுவரைப் பார்த்தார். அந்த ஜாடிக்கு மேலே இருந்த அட்டையில் சாணார்பட்டி என்று எழுதியிருந்தது.

பேச இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஆறு மணி அடித்ததும் முதல் வார்த்தை இதுதான் என்று முடிவு செய்துகொண்டார். ஆனால் ஆறு மணி அடித்ததும் மிக்கேல்ராஜ் சாமியார் முந்திக்கொண்டார். மூன்று நாள் தேக்கி வைத்த பேச்சு. எவுலாலி இரண்டு தடவை வாயைத் திறந்து இரண்டு தடவையும் மூடினார்.

சாமியார் பள்ளிக்கூட ஜாடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. கழுவிக் காய வைத்த வாசனை மட்டும் வந்தது.

மதர் கொன்சாகா தம் கைகளைப் பார்த்துக்கொண்டார், அந்தக் கைகள்தானா போட்டன என்பது போல.

லேஸ் ஜாடியும் காலி. சாணார்பட்டி ஜாடியைக் கவிழ்த்ததும் மொச்சை மேசையெல்லாம் உருண்டது. யாரும் பேசவில்லை. இந்த மௌனத்தை யாரும் விதிக்கவில்லை. தான் எங்கே போட்டோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அதை எப்படிச் சொல்வது?

சிஸ்டர் பிலோமின்தான் முதலில் உடைந்தார்.

"சாமி, ரகசியம்னு தெரியும். மன்னிக்கணும். நான் அம்பதையும் லேஸ்லதான் போட்டேன்."

"நான் பள்ளிக்கூடத்துல," என்றது ஒரு குரல்.

"நானுந்தான்," என்றது இன்னொன்று.

"இதுக்கு ஒரு விளக்கம் இருக்கும்," என்று சாமியார் எண்ணத் தொடங்கினார். நானூற்றைம்பது வரை எண்ணினார். மேசையில் அதற்கு மேலும் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தார். அவர் படித்த வட்டங்களில் எதிலும் இது இல்லை.

"அது மட்டுமில்ல சாமி," என்று பிலோமின் ஒரு மொச்சையைக் கையில் எடுத்தார். "நாம போட்டது வெள்ளை."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சிவப்பு.

மதர் கொன்சாகாதான் முதலில் மண்டியிட்டார். தோற்றவர் மண்டியிட்டதும் மற்றவர்களும் மண்டியிட்டார்கள். கடைசியில் சாமியாரும் மண்டியிட்டார். காப்பித் தட்டோடு வந்த மாயம்மாள் எல்லோரும் முழங்காலில் நிற்பதைக் கண்டு, தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவளும் மண்டியிட்டாள். எதற்கென்று அவள் கேட்கவில்லை. இந்த வீட்டில் எதற்கும் பதில் வராது என்று மூன்று நாளில் பழகியிருந்தாள்.

"புதுமை, ஆண்டவர் செஞ்ச அற்புதம்," என்றார் மதர். "வேதசாட்சிகள் சிந்துன ரத்தத்தோட நிறம்."

"அருளுக்கு அளவு கிடையாதுன்னு காட்டிட்டார்," என்றார் சாமியார். கூடுதல் மொச்சைக்கும் அதோடு கணக்கு நேராயிற்று.

எவுலாலிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் நின்று யோசித்தார். சாணார்பட்டி ஜெயித்திருக்கிறது. ஒரு சிஸ்டர்கூட எதிர்க்கவில்லை. இன்னும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் கருப்பம்மாள் பிள்ளை பிறந்துவிடும். பிறகு சொல்லிக்கொள்ளலாம். பரிசுத்த ஆவி கோபித்துக்கொள்ள மாட்டார். மற்றவர்களைப் போல அவரும் மூன்று நாளாகப் பேசாமல்தானே இருந்தார்.

மதர் எழுந்து அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகத்தில் களை வந்திருந்தது.

"இனி மறுபேச்சு கிடையாது. சாணார்பட்டிதான் நம்ம முதன்மைப் பணி. முதல் வேலையா அந்தக் கொட்டகையை இந்த வாரமே பிரிச்சிரணும்."

"பிரிக்கணுமா, மதர்?" என்றார் எவுலாலி.

"மாட்டுக் கொட்டகையில எப்படி சிஸ்டர்? கர்த்தர் தேர்ந்தெடுத்த இடம். அங்க மலைக்குகை மாதிரி ஒரு கெபி கட்டணும். மாதா சுரூபம் வைக்கணும். நாளைக்கு மதுரையிலயிருந்தும் திருச்சியிலயிருந்தும் ஜனங்க வருவாங்க. அவங்க தங்க ஒரு கூடம். அப்புறம் அத்தனை ஜனங்க வர்ற இடத்துல ஒரு பள்ளிக்கூடம் இல்லாம எப்படி?"

"இங்கிலீஷ் பள்ளிக்கூடம்," என்றார் சாமியார். அவர் ஒரு காகிதத்தில் வட்டம் போடத் தொடங்கியிருந்தார்.

"கெபிக்கு லேஸ் திரை நான் பாத்துக்கறேன்," என்றார் பிலோமின்.

"மருந்து?" என்று எவுலாலி கேட்டார்.

"மருந்து எங்க ஓடிப்போகுது? ஒரு ரெண்டு வருஷம் பொறுத்துக்கிட்டா, கெபிக்குப் பின்னால உங்களுக்கு ஒரு அறையே கட்டித் தந்துரலாம். அதுவரைக்கும் இங்கயே இருந்து, புதுமையைப் பாக்க வர்றவங்களை வரவேற்கிற பொறுப்பு உங்களுக்கு. உங்க ஜாடியில நடந்த புதுமை இல்லையா?"

"மாசிக் கடைசியில சாணார்பட்டியில ஒரு பிரசவம் இருக்கு, மதர். பிள்ளை குறுக்க கிடக்கு."

"ஜெபிப்போம்," என்றார் மதர். உண்மையாகவே சொன்னார். கண்களை மூடி ஒரு வினாடி ஜெபித்தும் விட்டார். பிறகு காகிதத்தை எடுத்து, நின்றபடியே திருச்சி ஆயருக்குத் தந்தி வாசகம் எழுதினார். சாமியார் இரண்டு சொல்லைக் குறைத்தார். எழுதியதை மதர் எவுலாலியிடம் நீட்டினார்.

"பஸ்ஸு தெரிஞ்சவங்க நீங்கதான். ரயில் ஸ்டேஷன்ல இப்பக் குடுத்தா ராத்திரியே திருச்சி போய்ச் சேந்துரும்."

எவுலாலி அதை வாங்கிப் படித்தார். ஒன்பது சகோதரிகளின் மௌனத்தில் மொச்சை சிவந்தது, ஆசீர் வேண்டி, என்று எழுதியிருந்தது.

வெளியே ஒரு ஜீப் போனது. அது கடந்து போகும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். மாயம்மாள் இன்னும் முழங்காலில் நின்றபடி, மேசைக்கு அடியில் உருண்டு போன மொச்சைகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு படிக்குக் காசு கொடுத்தவள் அவள்.

எவுலாலி தந்தியை இரண்டாக மடித்தார். மறுபடி இரண்டாக மடித்தார். தொண்டை அடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து, வந்துருவீகள்ல என்று கேட்ட முகம் நினைவுக்கு வந்தது. வாரேன் என்று சொன்ன தன் குரலும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்தக் குரல் அடைக்கவில்லை.

"மதர், இது புதுமை இல்லை," என்றார். "மாயம்மா மேலயும் தப்பு இல்லை. அவ உங்ககிட்டக் கேட்டா, நீங்க தலையாட்டினீங்க, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நாம போட்ட ஓட்டு அத்தனையையும் நேத்து ராத்திரி நாமளே குழம்பு வச்சுச் சாப்பிட்டுட்டோம்."